பெட்டரியின் முதுகில் எழுதியிருப்பதை யாராவது வாசிக்கிறோமா?

போன மாதம் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பெயர் வேண்டாம். ஊர் நமதூர்தான்.

உம்மாவின் பழைய போன். கொரோனா காலத்தில் சூம் வகுப்புக்காக இரண்டாம் கையாக வாங்கியது. சார்ஜ் நிற்கவில்லை என்று பஸாரில் கொடுத்து பெட்டரி மாற்றியிருக்கிறார்கள். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு பின்மூடி மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. பிள்ளை அதற்கு இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு பாவித்தது. ஒரு நாள் சுபஹுக்கு முன்னால், மெத்தையில் சார்ஜில் கிடந்த போனிலிருந்து புகை. உம்மா தஹஜ்ஜுதுக்கு எழும்பியிருந்ததால் கண்டார். மெத்தையில் ஒரு சோற்றுக்கோப்பை அளவுக்குக் கருகல், உம்மாவின் கையில் ஒரு கொப்புளம். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவோடு போயிற்று.

ஆசிரியர்கள் நாங்கள் சிலர் பார்க்கப் போனோம். எரிந்த பெட்டரியை ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு முற்றத்தில் வைத்திருந்தார்கள். ஸ்டிக்கரில் பாதி மிச்சம் இருந்தது. அந்தப் பாதியில் மட்டும் சீ.ஈ, எப்.சீ.சீ, ரோஸ், குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம், "இதே வகை பெட்டரியை மட்டும் பாவிக்கவும்" என்ற ஆங்கில எச்சரிக்கை, எல்லாம் இருந்தன. செய்த கம்பனியின் பெயர்? இல்லை. கொண்டுவந்தவரின் பெயர்? இல்லை. திகதி? அதுவும் இல்லை. மற்றப் பாதியில் இருந்திருக்கலாமே என்று நினைத்து, அதே பெட்டரி இன்னொன்றைக் கடையில் பார்த்தோம். அதிலும் இல்லை.

கடைக்காரத் தம்பியிடம் சண்டைக்குப் போகவில்லை. அவரும் எங்களிடம் படித்த பிள்ளைதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "சேர், நான் அந்த ராத்தாகிட்ட கேட்டன், ஆயிரத்து இருநூறு ரூபாவுக்குப் போடவா, மூவாயிரத்து ஐநூறுக்குப் போடவா எண்டு. அவங்க குறைஞ்சதப் போடச் சொன்னாங்க. கூடினதுலயும் இதே ஸ்டிக்கர்தான் சேர் இருக்கு. நான் என்னத்தக் காட்டி அவங்களுக்கு வித்தியாசம் சொல்ற?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். நாம் பிஸ்கட் பெக்கட்டைத் திருப்பி ஹலால் இலச்சினை தேடுகிறவர்கள். ஈ 471 என்றால் என்ன, ஈ 120 என்றால் என்ன என்று நமது உம்மாமார் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கும் பொருளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

சீ.ஈ என்பது ஐரோப்பிய அடையாளம். அது பரிசோதித்துக் கொடுக்கும் சான்றிதழ் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போன், சார்ஜர் போன்ற பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் அது செய்தவர் தானாகக் கொடுக்கும் வாக்குமூலம் மட்டுமே. "என் பொருள் ஐரோப்பியச் சட்டத்துக்கு ஏற்றது, இல்லாவிட்டால் என்னைப் பிடியுங்கள்" என்று அதற்குப் பொருள். பிடிப்பதற்குத்தான் பெயரும் விலாசமும் கூடவே இருக்க வேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள். பெயரில்லாத சீ.ஈ கையொப்பமில்லாத காசோலை மாதிரி. வட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது, எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் அது "சைனா எக்ஸ்போர்ட்" என்று. அப்படி ஒரு உத்தியோகபூர்வ அடையாளம் கிடையாது. எழுத்துக்கு இடையிலான இடைவெளியை அடிமட்டம் வைத்து அளப்பதை விட்டுவிட்டு விலாசத்தைத் தேடுவது பயனுள்ளது.

எப்.சீ.சீ அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு. அது பார்ப்பது வானொலி அலைக் குறுக்கீட்டை. உங்கள் சாதனம் பக்கத்து வீட்டு ரேடியோவைக் குழப்புமா என்பதுதான் அதன் கவலை, தீப்பிடிக்குமா என்பதல்ல. தனிப் பெட்டரி ஒன்றில் அந்த முத்திரை இருப்பது, தண்ணீர்ப் போத்தலில் "எலும்பு நீக்கப்பட்டது" என்று எழுதுவது போன்றது. ரோஸ் என்பது ஈயம், பாதரசம், கட்மியம் போன்ற நச்சுப் பொருட்களுக்கான ஐரோப்பியக் கட்டுப்பாடு, 2006 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல விடயம். அதுவும் தீயைப் பற்றியதல்ல. கோடு போட்ட குப்பைத்தொட்டி, வீட்டுக் குப்பையோடு இதைப் போடாதே என்கிறது. ஆக எங்கள் கையிலிருந்த அந்த ஸ்டிக்கரில் இத்தனை முத்திரை இருந்தும், "இது எரியாது, நாங்கள் சோதித்தோம்" என்று யாருமே சொல்லியிருக்கவில்லை.

அப்படிச் சொல்லும் முத்திரைகளும் உண்டு. 1894 இல் அமெரிக்காவில் தொடங்கிய யூ.எல் என்ற நிறுவனம், செய்தவரிடமிருந்து பொருளை வாங்கிச் சோதித்துத்தான் தன் முத்திரையைக் கொடுக்கிறது. உண்மையான முத்திரையோடு ஓர் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து வரும். அந்த இலக்கத்தை இணையத்தில் போட்டுத் தேடினால் கம்பனியின் பெயர் வர வேண்டும். இதே நிறுவனம் 2016 இல் ஐபோனுக்கான போலி அடப்டர்கள் 400 ஐ எடுத்துச் சோதித்தது. தேறியவை 3. மிச்சத்தில் 12 அடப்டர்கள் பாவிப்பவரின் உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு மோசம். வெளியில் பார்த்தால் எல்லாம் வெள்ளை நிறம், எல்லாம் ஒரே அழகு.

ஏன் அப்படி? சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். போனுக்குப் போவது 5 வோல்ட். தீப்பெட்டி அளவு பெட்டிக்குள் இந்த இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பது சில மில்லிமீற்றர் இடைவெளியும், கம்பிச் சுருளுக்குள் சுற்றிய காவலி நாடாவும், இரு பக்கத்துக்கும் பாலமாக நிற்கும் ஒரு சின்னக் கொள்ளளவியும்தான். காசைக் குறைப்பவர் இந்த மூன்றிலும்தான் குறைப்பார், ஏனென்றால் மூன்றையும் குறைத்தாலும் போன் சார்ஜ் ஆகும். பாவிப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கரண்ட் அடிக்கும் நாள் வரை.

இனி விடயத்துக்கு வருவோம். போனாகட்டும், லெப்டொப்பாகட்டும், டிவியாகட்டும், அதன் முதுகில் இருக்கும் முத்திரைகள் யாருக்குச் சொந்தம்? தொழிற்சாலையில் எந்தப் பெட்டரியோடு, எந்தப் பியூஸோடு, எந்த அடப்டரோடு சோதித்தார்களோ அந்தச் சாதனத்துக்கு. நாம் பாகத்தை மாற்றிய அந்த நிமிடத்திலிருந்து முத்திரை அப்படியே ஒட்டியிருக்கும், ஆனால் அது சொல்வது நம் கையிலிருக்கும் பொருளைப் பற்றியல்ல. அந்தக் காலத்து ரேடியோ, டிவி திருத்தும் நானாமாருக்கு இது நன்றாகத் தெரியும். சேர்க்கிட் வரைபடத்தில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பாகம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றைப் போட்டு ஒப்பேற்ற மாட்டார்கள். சொன்ன இலக்கத்தையே தேடி கொழும்புக்கு ஆள் விடுவார்கள். இன்று வரைபடமும் இல்லை, முக்கோணமும் இல்லை, புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பெட்டி மட்டும் இருக்கிறது.

போனைப் பற்றி நமது அரசாங்கம் கேட்காமல் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. போனின் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை 1909 க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பிப் பதிவு செய்யப்பட்ட போனா என்று பார்க்கலாம். வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய காரியம். ஆனால் அந்தப் பதில் போனைப் பற்றியது. உள்ளே நேற்று மாற்றிய பெட்டரிக்கு இலக்கமும் இல்லை, கேட்கும் ஆளும் இல்லை. போனுக்கு அடையாள அட்டை, அதன் இதயத்துக்கு ஒன்றுமில்லை.

பெட்டரி மாற்றுவது சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்கு 2016 இல் செம்சுங் கெலக்ஸி நோட் 7 க்கு நடந்ததை ஞாபகப்படுத்துகிறோம். தீப்பிடித்தது. ஏறத்தாழ 25 இலட்சம் போன்களைத் திருப்பி எடுத்தார்கள். வேறொரு நிறுவனத்தின் பெட்டரி போட்ட மாற்றுப் போன்களைக் கொடுத்தார்கள். அவையும் எரிந்தன. கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். உலகத்தின் பெரிய கம்பனி, தன் போனுக்குத் தானே மாற்றிய பெட்டரி. அது அவ்வளவு லேசான வேலையில்லை. ஆனால் 2017 ஜனவரியில் விசாரணை முடிவைச் சொன்னபோது, முதல் நிறுவனத்தின் பெட்டரியில் என்ன பிழை, இரண்டாவதன் பெட்டரியில் என்ன பிழை என்று தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. காரணம், எந்தப் பெட்டரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது. நமதூரில் அந்தப் பால்மா டின்னுக்குள் கிடந்ததை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதே பெட்டியில் வந்த மற்றப் பெட்டரிகள் இப்போது யார் வீட்டு மெத்தையில் இருக்கின்றன என்பதும் தெரியாது. எங்களுக்கு அன்று இரவு தூக்கம் வராமல் செய்தது இதுதான்.

"அப்படியென்றால் ஒரிஜினல் மட்டும் வாங்குங்கள் என்று சொல்ல வருகிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அது வசதியுள்ளவர்களின் பதில். 2022 இல் ரூபா விழுந்த பிறகு புதுப் போன் வாங்குவது எத்தனை குடும்பங்களுக்கு முடியாமல் போனது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் கையிலிருக்கும் பழைய போன்களை நாங்கள்தான் தினமும் பார்க்கிறோம். பழைய போனுக்கு ஒரிஜினல் பெட்டரி பல நேரம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் போனின் பெறுமதியை விட அது கூட. திருத்திப் பாவிப்பது நமக்குக் கட்டாயம், நல்ல பழக்கமும்கூட.

பெரிய கம்பனிகளும் "பாதுகாப்பு" என்ற சொல்லை வைத்து வியாபாரம் பார்க்கின்றன. சில வருடங்களுக்கு முந்திய மாடலிலிருந்தே ஐபோனில் வெளிப் பெட்டரி போட்டால் "அடையாளம் காண முடியவில்லை" என்று திரையில் ஓர் அறிவித்தல் வரும். அது நேர்மையாகச் செய்த வேறு கம்பனிப் பெட்டரியையும் குப்பையையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இப்படிப் பாகங்களுக்குப் பூட்டுப் போடுவதற்கு எதிராக 2024 இல் சட்டமே கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 2027 பெப்ரவரியிலிருந்து, பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடிய விதத்தில் பெட்டரி இருக்க வேண்டும் என்ற விதி வருகிறது.

ஆகவே ஒரிஜினல், கொப்பி என்ற இரண்டு பெட்டிக்குள் நாம் நிற்கத் தேவையில்லை. மூன்றாவது ஒன்று இருக்கிறது: வேறொருவர் செய்தது, ஆனால் செய்தவர் தன் பெயரைப் போட்டுச் செய்தது. அந்தத் தம்பி எங்களிடம் கேட்ட கேள்விக்கான பதிலும் அதுதான். ஆயிரத்து இருநூறு ரூபாப் பெட்டரிக்கும் மூவாயிரத்து ஐநூறு ரூபாப் பெட்டரிக்கும் ஒரே ஸ்டிக்கர் என்றால், மூவாயிரத்து ஐநூறும் ஏமாற்றாக இருக்கலாம். முத்திரையை எண்ணாதீர்கள், பொறுப்பெடுக்கும் பெயரைத் தேடுங்கள். பெயர், மாடல் இலக்கம், செய்த திகதி, வோல்ட், கொள்ளளவு. இந்த ஐந்தும் இல்லாத பெட்டரியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

கொள்ளளவு என்றதும் ஒரு பொய்யை இங்கேயே உடைத்துவிடுகிறோம். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் எல்லா வீட்டிலும் டோர்ச் வாங்கினோம். அதற்குள் போடும் விரல் அளவுப் பெட்டரியில் 9900 மில்லிஅம்பியர் மணி என்று எழுதியிருக்கும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள அந்த உருளைக்குள் நல்ல கம்பனிகளே அடைப்பது 3500 அளவுதான், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். 9900 என்று கண்டால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எழுத்தில் இந்தளவு பொய் சொல்பவர் உள்ளே எதை அடைத்திருப்பார்?

லெப்டொப் அடப்டர் மாற்றும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. முள் பொருந்துகிறது என்பது ஒரு தகுதியே அல்ல. அடப்டரோடு வரும் வயரின் 13 அம்பியர் பிளக்கைப் பாருங்கள். அதற்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸே இல்லாத பிளக்கும் பஸாரில் இருக்கிறது. பியூஸ் போனதும் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றி உள்ளே வைக்கும் வித்தை தெரிந்தவர்கள் நமதூரில் நிறையப் பேர். தயவுசெய்து அந்த வித்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

வீட்டு வயருக்கும் சுவிட்சுக்கும் எஸ்.எல்.எஸ் முத்திரை பார்த்து வாங்க நமக்குப் பழகியிருக்கிறது. மேசன் பாஸ்கூட "எஸ்.எல்.எஸ் எடுங்க" என்கிறார். உருண்டை முள்ளும் சதுர முள்ளுமாகக் கலந்து கிடந்த பிளக்குகளுக்கு, 13 அம்பியர் சதுர முள்தான் தேசிய தரம் என்று இந்த நாடு ஒரு முடிவெடுத்தது. இது முடியுமென்றால் மாற்றுப் பெட்டரிக்கும் சார்ஜருக்கும் "இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் பொருளின் மேலேயே இருக்க வேண்டும், பெட்டியில் மட்டும் போதாது" என்று ஒரு விதி ஏன் முடியாது? பெட்டி கடையிலேயே குப்பைக்குப் போய்விடுகிறது. பொருள்தான் வீட்டுக்கு வருகிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்துக்கும் இதைக் கேட்டு எழுத இருக்கிறோம். கையொப்பம் வைக்க விரும்பும் பெற்றோர் பாடசாலைக் காரியாலயத்துக்கு வரலாம்.

கொழும்பு முடிவெடுக்கும் வரை பஸாரில் செய்யக்கூடியதும் இருக்கிறது. திருத்தும் கடைக்காரத் தம்பிமார்களே, பூட்டுவதற்கு முன் பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பில்லில் "பெட்டரி 1,200" என்று மட்டும் எழுதாமல் எந்தப் பெயர், எந்த மாடல், எந்தத் திகதி என்று எழுதுங்கள். பழையதைத் திருப்பிக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. பில் கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும். கொடுக்க மறுத்தால் 1977 என்ற இலக்கம் இருக்கிறது என்பது மக்களுக்கும் தெரிய வேண்டும். இப்படி எழுதத் தொடங்கினால் மொத்த வியாபாரியிடம் பெயருள்ள பொருளைக் கேட்பீர்கள். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அவர் கொண்டுவருவார், ஒருவர் கேட்டால் சிரிப்பார். வர்த்தக சங்கம் இதை ஒரு கூட்டத்தில் எடுத்தால் போதும்.

அந்தத் தம்பி இப்போது ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் வாரத்திலேயே பெயரில்லாத பெட்டரி ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். காசு திரும்பி வரவில்லை, வேறு சாமானுக்குக் கழித்தார்களாம். அவருக்கு அது நட்டம். அந்த நட்டத்தை அவர் தனியாகச் சுமக்கக் கூடாது. முன்னூறு ரூபா கூடக் கொடுத்து, பெயருள்ளதை அவரிடம் வாங்குங்கள்.

பெற்றோருக்கு இரண்டே வார்த்தை. பின்மூடி எழும்பிய போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். நிறுத்தி, மணல் போட்ட டின்னுக்குள் வெளியே வையுங்கள். இரவில் சார்ஜ் போடுவதென்றால் மெத்தையில் வேண்டாம், சீமெந்துத் தரையில் போடுங்கள்.

வருகிற திங்கள் தரம் 9 விஞ்ஞானப் பாடத்துக்கு, பிள்ளைகளை வீட்டிலிருக்கும் சார்ஜரில் எழுதியிருப்பதைக் கொப்பியில் அப்படியே பிரதி பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். சார்ஜரைக் கொண்டுவர வேண்டாம், எழுத்து மட்டும் போதும். பிள்ளை வந்து "உம்மா, இதில் கம்பனிப் பெயர் எங்கே?" என்று கேட்டால் கொஞ்சம் சேர்ந்து தேடுங்கள்.